பிரேக் டவுன் என்று சொல்ல முடியாது

பிறர் எழுதியதைத் திருத்திச் சம்பளம் வாங்குகிறவனுக்குப் பிறர் பேசுவதையும் திருத்தும் வியாதி வந்துவிடும். எனக்கு அது முப்பது வயதுக்கு முன்பே வந்துவிட்டது. காலையில் யாழ்ப்பாணத்தில் மருதனார்மடத்துக்குக் கிட்ட ஓர் ஓலைக்கொட்டில் டியூட்டரியில் ஆங்கிலம் படிப்பித்தேன். பின்னேரத்தில் பத்திரிகைக் கந்தோரில் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கினேன். இரண்டு இடத்திலும் நான் வந்தவுடன் பேச்சுக் குறையும். அதை மரியாதை என்று எண்ணியிருந்தேன்.

டியூட்டரியில் நான் விரும்பிப் படிப்பித்தது 'பிரேக்' என்ற வினைச்சொல்லையும் அதற்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும் சின்னச் சொற்களையும்தான். 'பிரேக் இன்' என்றால் கள்ளன் வருவான். 'பிரேக் அவுட்' என்றால் நோய் பரவும், அல்லது சண்டை மூளும். 'பிரேக் டவுன்' மட்டும் படிப்பிக்கத் தேவையில்லாதது. அது ஏற்கெனவே எங்கள் சொல்லாகிவிட்டது. கார் பிரேக் டவுன், தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பு பிரேக் டவுன், திருவிழாவில் லவுட்ஸ்பீக்கர் பிரேக் டவுன். எல்லோருக்கும் தெரிந்த சொல் என்பதாலேயே அதை நான் விடவில்லை. கரும்பலகையில் பெரிதாக எழுதி விளக்குவேன்: இயங்கிக்கொண்டிருந்த ஒன்று, தனக்குள் ஏற்பட்ட பழுதால் இயங்காமல் நிற்பது.

ஒரு மாணவி வசனம் எழுதிக்கொண்டு வந்தாள். தன் மாமா சுன்னாகத்தில் பிரேக் டவுன் ஆனார் என்றும் மெக்கானிக் வந்து அவரைத் திருத்தினார் என்றும் அதில் இருந்தது.

"மாமாவின்ரை கார் எண்டு வரவேணும்" என்றேன்.

"மனுசர் பிரேக் டவுன் ஆகேலாதோ சேர்?"

"ஏலும். துக்கம் தாங்காமல் அழுகிறதுக்கும் அப்பிடிச் சொல்லுவினம். ஆனால் அதுக்கு மெக்கானிக் வாறேல்லை."

வகுப்புச் சிரித்தது. என் நகைச்சுவைக்குச் சிரித்தார்கள் என்று அன்றைக்கு நினைத்தேன். அந்த மாமா குடித்துவிட்டு வழியில் நின்றுவிடுகிறவர் என்பதும் அவரை அவர்களுக்கெல்லாம் தெரியும் என்பதும் பிறகுதான் தெரியவந்தது.

பத்திரிகையில் அதே சொல் வேறு விதமாகக் கழுத்தை அறுத்தது. உலகத்தில் எங்கேயாவது ஒரு பேச்சுவார்த்தை பிரேக் டவுன் ஆகிக்கொண்டே இருந்தது. நாங்கள் 'முறிந்தது' என்று போடுவோம். எனக்கு அதில் சம்மதமில்லை. முருங்கைக் கொப்பு முறிந்தால் முறிந்ததுதான். பிரேக் டவுன் ஆன கார் அப்படியல்ல, யாராவது குறட்டோடு வரக்கூடும் என்ற நம்பிக்கை அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் இருக்கிறது. இதை ஆசிரியருக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஐசே, பெரிய எழுத்திலை அந்த இடத்துக்கு அஞ்செழுத்துத்தான் கொள்ளும். முறிந்தது. அஞ்செழுத்து. உம்மடை நம்பிக்கைக்கு இடமில்லை."

கடதாசித் தட்டுப்பாட்டில் பத்திரிகையைக் கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சடித்துக்கொண்டிருந்த காலம் அது. உலகச் செய்திகள் நீலக் கோடுகளின் மேல் பள்ளிக்கூட வீட்டுப்பாடம் போல வெளிவந்தன. அதைத் திருத்துவதற்கு நான் இருந்தேன்.

இந்தக் காலத்தில்தான் என் அக்கா எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கினாள். தொடங்கினாள் என்பது சரியல்ல, அது அவளுடைய கடைசிச் சுற்று. எனக்கு முப்பத்தாறு வயது. முன்பு வந்த சம்பந்தங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்தால் தட்டிப்போயின. இப்போது கொடிகாமத்தில் ஓர் இடம். பெண், ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறார். தகப்பனார் றெயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். தாயார் இல்லை. சாதகம் பொருந்தியிருந்தது. கோவில் திருவிழாவில் பெண்ணை எனக்குத் தூர இருந்து காட்டினார்கள். அவர் யாரோடோ கதைத்துச் சிரித்துக்கொண்டு நின்றார். நான் வீட்டுக்கு வந்து அக்காவிடம் "பாதகமில்லை" என்றேன். மனதில் இருந்ததை அவ்வளவு சிக்கனமாக நான் எந்தத் தலைப்பிலும் சொன்னதில்லை.

"இதுவும் சரிவராட்டி நான் இனித் திரியமாட்டன்" என்றாள் அக்கா. "நீ அந்தப் பேப்பரையே கட்டிக்கொண்டிரு."

பெண் வீட்டுக்குப் போய்க் கதைக்க ஒரு கார் பிடித்தாள். போர்க்காலம், குடாநாட்டுக்குள் பெற்றோல் வரத் தடை. ஓடிய கார்களெல்லாம் ஐம்பதுகளில் கப்பலில் வந்த கிழங்கள், அவையும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஆனால் மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சினை மண்ணெண்ணெயால் எழுப்ப முடியாது. முதலில் சில துளி பெற்றோல் விட்டு உயிர் கொடுக்கவேண்டும், சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றலாம். அதனால் ஒவ்வொரு கார்க்காரரும் ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்திருந்தார்கள். எங்கள் கார்க்காரரிடம் இருந்தது இருமல் மருந்துப் போத்தல். அதை அவர் ஒரு துணியில் சுற்றி முன்பெட்டியில் வைத்திருந்தார்.

"வீடு திரும்புமட்டும் நான் எஞ்சினை நிப்பாட்டமாட்டன் மாஸ்ரர்" என்று புறப்படும்போதே சொன்னார். "போத்தல் ஒரு காவலுக்குத்தான்."

காலையில் நான் கந்தோருக்குப் போய் ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். பக்கத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை, பெண் பார்க்கப் போகும் நாளிலும் கந்தோருக்குப் போகிறவன் என்ற பெயர் எனக்குத் தேவைப்பட்டது. மை காயாத தாள் என் வெள்ளைச் சேட்டின் பையில் பட்டுவிட்டது. பெரிய கறையல்ல. காருக்குள் ஏறிய பிறகுதான் கண்டேன்.

வழியில் ஒரு பிள்ளையார் கோவிலடியில் கார் நின்றது. அக்கா கற்பூரம் கொளுத்த இறங்கினாள். கார்க்காரரும் தன் காருக்காகக் கும்பிட அவளோடு போனார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நானும் கறையும் தனித்திருந்தோம்.

அச்சு மையை மண்ணெண்ணெய் எடுக்கும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் அச்சகத்தில் எழுத்துகளை நாள்தோறும் மண்ணெண்ணெயில்தான் கழுவுவார்கள். காரின் பின்பெட்டியில் ஒரு கான் நிறைய மண்ணெண்ணெய் இருந்தது. ஆனால் அந்நாளில் எல்லோரிலும் மண்ணெண்ணெய் மணந்தது, விளக்கில் இருந்து அடுப்புவரை அதுதான். பெண் பார்க்கப் போகிறவனும் அப்படி மணப்பதா என்று யோசித்தேன். பெற்றோல் கௌரவமான மணம். முன்பெட்டிப் போத்தலை எடுத்துக் கைக்குட்டையில் சிறிது விட்டுத் துடைத்தேன். கறை ஓர் எலுமிச்சை இலை அளவுக்கு விரிந்தது. இன்னும் கொஞ்சம் விட்டேன். இரண்டு இலை ஆயிற்று. போத்தல் முடிந்தபோது கறை சாம்பல் நிறத்தில் பை முழுவதும் சமமாகப் பரவியிருந்தது. பையின் நிறமே அதுதான் என்று யாராவது நம்பக்கூடும். போத்தலைத் துணியில் சுற்றி வைத்தேன். கார்க்காரர்தான் எஞ்சினை நிறுத்தப்போவதில்லையே.

கொடிகாமத்தில் அந்த வீடு சந்தையைத் தாண்டி ஓர் ஒழுங்கைக்குள் இருந்தது. தகப்பனார் படலையில் நின்று வரவேற்றார். உயரமான மனிதர். என்னைக் கிட்டக் கண்டதும் மூக்கை ஒரு தரம் உறிஞ்சினார்.

"தம்பிக்குப் பெற்றோல் எடுக்க வழி இருக்குப்போலை" என்றார், கொஞ்சம் மரியாதையோடு.

நான் மறுக்கவில்லை. புன்னகைத்தேன் என்றும் நினைவு.

விறாந்தையில் இருந்து கதைக்கத் தொடங்கினோம். பெண் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். என் சேட்டுப் பையை ஒரு தரம் பார்த்தார். வெளியே கார் அதிர்ந்து புகைத்துக்கொண்டு நின்றது. ஒவ்வொருவரும் சொன்னதை இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

"தம்பி, உதைக் கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லும். கதைக்கேலாமல் கிடக்கு."

வருங்கால மாமனார் சொன்ன முதல் வேலை. நான் பாய்ந்து எழும்பிப் போய்க் கார்க்காரரிடம் நிறுத்தச் சொன்னேன். அவர் தயங்கினார், பிறகு போத்தல் இருக்கிற நம்பிக்கையில் நிறுத்தினார். விறாந்தைக்குத் திரும்பி வரும் வழியில், செவ்வரத்தை மரத்தடியில், எனக்குப் போத்தல் ஞாபகம் வந்தது. திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். எஞ்சினில் இன்னும் சூடு இருந்திருக்கும். நான் கதிரையில் வந்து இருந்தேன்.

தகப்பனார் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"பேப்பரிலை வேலை செய்யிறீர். சரி. ஆனால் அது ஒரு வேலையே தம்பி? கொப்பித் தாளிலை அடிக்கிறியள். நாளைக்கு அந்தத் தாளும் வராட்டி என்ன செய்வீர்?"

நல்ல கேள்வி. கந்தோரில் நாங்களே எங்களைக் கேட்டுக்கொள்ளப் பயந்த கேள்வி.

"பென்சன் கிடையாது. டியூசனும் நிரந்தரமில்லை. எனக்கு இவள் ஒரு பிள்ளை. அரசாங்க உத்தியோகம் பாக்கிற எண்ணமிருந்தாச் சொல்லும், கதைப்பம்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்லவேண்டிய இடம் அது. சொல்லுகிறவன் போல வாயைத் திறந்து, தேத்தண்ணீரைக் குடித்தேன்.

"நாங்களும் ஒண்டும் குறைஞ்ச ஆக்களில்லை ஐயா" என்று அக்கா எழும்பினாள். "அப்ப நாங்கள் வாறம்."

அவள் ஒழுங்கையை நோக்கி நடந்த நடையை எந்த நாடகத்திலும் வைக்கலாம். காஞ்சிபுரம் சீலை சரசரக்கப் பின் இருக்கையில் ஏறி, கதவை அடித்துச் சாத்தி, நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். கார்க்காரர் துணியை அவிழ்த்தார். போத்தலைக் குலுக்கினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிறகு மெதுவாகத் திரும்பி என் பையைப் பார்த்தார்.

"மாஸ்ரர், உதென்ன?"

"மை பட்டிட்டுது" என்றேன்.

அவர் காரை விட்டு இறங்கினார். ஒரு மனிதனைப் பற்றி அதற்குமேல் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு, கைபிடியைச் செருகிச் சுற்றினார். எஞ்சின் இருமவும் இல்லை.

தள்ளிப் பார்த்தோம். வலப்பக்கம் நான், இடப்பக்கம் சற்று முன்னர் என்னை வேண்டாமென்ற தகப்பனார். அக்கா இறங்க மறுத்துவிட்டாள். கோபித்துக்கொண்டு எழும்பிய வீட்டு வாசலில் திரும்பவும் கால் வைப்பதில்லை என்று இருந்தாள். எனவே அவளையும் சேர்த்தே தள்ளினோம். பனையோலை வேலியின் மூலைவரை ஒரு தரம், திரும்பி ஒரு தரம். அக்கா உற்சவத்தில் சுவாமி போல நிமிர்ந்திருந்து போனாள், வந்தாள். அயல் வீடுகளில் வேலிக்கு மேலால் தலைகள் தெரிந்தன.

தகப்பனார் தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார். "சரி. பிரேக் டவுன்" என்றார்.

அந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் தலையாட்டியிருப்பான்.

"பிரேக் டவுன் எண்டு சொல்லேலாது ஐயா."

"என்ன?"

"எஞ்சினிலை ஒரு பழுதும் இல்லை. ஓடிக்கொண்டிருந்தது பழுதாகி நிண்டால்தான் பிரேக் டவுன். இதை நாங்களாத்தான் நிப்பாட்டினது. இது ஸ்ராட் ஆகேல்லை. அவ்வளவுதான்."

அவர் துவாயை மறு தோளில் போட்டார். "தம்பி, நான் சேவிசு முழுக்க றெயில்வேயிலை இருந்தனான். இஞ்சின் எங்கை நிண்டாலும் முதலிலை பிரேக் டவுன் எண்டு அறிவிக்கிறது. ஏன் நிண்டது எண்டது பிறகு விசாரணையிலை வாற விஷயம்."

"அது உங்கடை டிப்பாட்மென்ற் வழக்கம். மொழி வழக்கம் வேறை."

"டிப்பாட்மென்ற் வெள்ளைக்காரன் நடத்தினது. அவனுக்குத் தெரியாத மொழியோ?"

"நிலக்கரி ஏத்த மறந்து நிண்டாலும் பிரேக் டவுனோ?"

"அப்பிடி மறக்கிற ஆளை நாங்கள் வேலைக்கு எடுக்கிறேல்லை." அவர் காரைச் சுற்றி வந்தார். "எஞ்சினிலை பிழை இல்லையெண்டால் பிழை ஆரிலை?"

"என்னிலை."

"அப்ப நீர்தான் பிரேக் டவுன்."

"ஆள் பிரேக் டவுன் எண்டால் அழவேணும். நான் அழேல்லை."

"உம்மடை தமக்கை இறங்கி வரட்டும், பிறகு தெரியும்."

வேலிக்கு மேலால் யாரோ சிரித்தார்கள். நாங்கள் விடவில்லை. காரின் மட்காட்டில் ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் நானும் சாய்ந்துகொண்டு, பேச்சுவார்த்தைகள் முறிகின்றனவா நிற்கின்றனவா என்பதுவரை போனோம். முருங்கைக் கொப்பை எடுத்துச் சொன்னேன். அவர் தண்டவாளத்தைச் சொன்னார்: முறிந்தாலும் துண்டு வைத்துப் பூட்டி ஓடலாம், ஆகவே முறிவென்றாலும் முடிவில்லை. நான் அதை ஒப்புக்கொள்ள மறுத்தேன், அது நல்ல உதாரணம் என்று தெரிந்தும். இதற்கிடையில் அக்கா இறங்கி, எங்கள் இருவரையும் பார்க்காமல் கடந்து, தண்ணீர் குடிக்கவென்று குசினிப்பக்கம் போயிருந்தாள். பிறகு பிட்டு அவிகிற வாசம் வந்தது. வெளிச்சம் மங்கியது. எனக்கு அவ்வளவு சந்தோசமான பின்னேரம் பல வருடங்களாக வாய்த்ததில்லை. எதற்காக வந்தேன் என்பது மறந்தேபோயிற்று.

பெண் வெளியே வந்தார். கையில் ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தல்.

தகப்பனார் அதைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார். "பிள்ளை, அது ஆஸ்பத்திரி அவசரத்துக்கு வைச்சதெல்லோ."

"இதுவும் அவசரம்தான் அப்பா. இவையள் போகவேணும்."

கார்க்காரர் போத்தலைத் தீர்த்தம் போல இரு கையாலும் வாங்கினார். துளிகளை விட்டார், சுற்றினார். எஞ்சின் இரண்டு தரம் உதறிவிட்டு எழும்பியது. "ஏறுங்கோ, ஏறுங்கோ" என்று கத்தினார். அக்கா குசினியில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து ஏறினாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு பெண்ணிடம் நன்றி சொல்லத் திரும்பினேன்.

"மண்ணெண்ணெயிலை துடைச்சிருந்தாப் போயிருக்கும்" என்றார், பையைப் பார்த்து.

"தெரியும்."

"தெரிஞ்சுமோ." அவர் சிரிக்கவில்லை. "அப்பா உங்கடை வேலையைப் பற்றிச் சொல்லேக்கை நீங்கள் ஒரு சொல்லும் கதைக்கேல்லை. அந்த இங்கிலீசுச் சொல்லுக்கு மட்டும் பொழுதுபடுமட்டும் நிண்டு கதைச்சியள். நான் உள்ளுக்கை இருந்து கேட்டுக்கொண்டிருந்தனான். விருப்பமில்லையெண்டா விருப்பமில்லை எண்டு சொல்லிப்போட்டுப் போயிருக்கலாம்."

"விருப்பமில்லையெண்டு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. அதைத்தான் நானும் சொல்லுறன்."

அவர் உள்ளே போனார்.

எத்தனையோ பேருடைய வசனங்களைச் சிவப்பு மையால் வெட்டியிருக்கிறேன். அதில் வெட்ட ஒன்றும் இருக்கவில்லை. கார்க்காரர் "மாஸ்ரர்" என்றார். அக்கா "தம்பி, ஏறு" என்றாள். நான் தகப்பனாரிடம் போனேன்.

"ஐயா, எனக்குப் பேப்பர் வேலைதான் வேலை. அதை விடமாட்டன்."

"என்ன?" எஞ்சின் சத்தத்தில் அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்தார்.

"பேப்பர் வேலையை விடமாட்டன். தாள் முடிஞ்சால் சீமெந்துப் பையிலை எண்டாலும் அடிப்பம். எனக்கு உங்கடை மகளைக் கலியாணம் செய்ய விருப்பம்."

"கேக்கேல்லை. பலமாச் சொல்லும்."

பலமாகச் சொன்னேன். வேலிக்கு மேலால் தெரிந்த தலைகள் எல்லாம் கேட்டன. அக்காவின் தலையும் கார் யன்னலால் வெளியே வந்தது.

தகப்பனார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உதை நிப்பாட்டச் சொல்லிப்போட்டு உள்ளுக்கை வாரும்" என்றார்.

கார்க்காரர் இதைக் கேட்டுவிட்டார். "மாஸ்ரர், ஒரு சொட்டும் மிச்சமில்லை. இனி நிப்பாட்டினால் விடியுமட்டும் இஞ்சைதான்."

"ஓம் அண்ணை. நிப்பாட்டுங்கோ."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா தன் கைப்பையை எடுத்துக்கொண்டு ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தாள்.

விறாந்தையில் ஜாம்போத்தல் விளக்கைக் கொண்டுவந்து வைத்தார்கள். தகப்பனார் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். இந்த முறை பதில் சொன்னேன். என்ன வேலை, எப்படிச் செய்கிறோம், வானொலியை எப்படிக் கேட்கிறோம், அதற்கு மின்சாரம் எடுக்கக் கவிழ்த்து வைத்த சைக்கிளின் மிதியை யார் சுற்றுகிறார்கள், எது தெரியாமல் போடுகிறோம், எதைத் தெரிந்தும் போடாமல் விடுகிறோம் எல்லாவற்றையும். நன்றாகச் சொன்னேன் என்று சொல்லமாட்டேன், இடையில் இரண்டு இடத்தில் அவருடைய சொற்களைத் திருத்தினேன். அவர் ஓர் இடத்தில் என்னுடையதைத் திருத்தினார். உள்ளே கதவோரம் ஒரு நிழல் நின்றது, போகவில்லை.

கடைசியில் அவர் அக்காவிடம் திரும்பினார். "பிள்ளை, கலியாணம் முடிஞ்சால் தம்பி இஞ்சை வந்திருப்பாரோ? எனக்குத் தனிச்சிருக்கேலாது."

அக்கா பின்னேரம் எழும்பிப் போனவள் போலவே இருக்கவில்லை. "அதை ஆறுதலாகக் கதைப்பம் ஐயா" என்றாள். "அவசரத்திலை கதைச்சால் பிழையாப்போயிடும்."

காலையில் கார்க்காரர் அயல்வீட்டுச் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு பெற்றோல் தேடிப் புறப்பட்டார். நான் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா குசினி வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"தம்பி, உங்கை மாமா நிண்டால், தேத்தண்ணி ஆறுதாம், வரட்டாம் எண்டு சொல்லு."

எந்த மாமா என்று கேட்கத் திரும்பினேன். கிணற்றுக்கு மறுபக்கம், வாயில் வேப்பங்குச்சியோடு, ஒருவர் மட்டும்தான் நின்றார்.